ஏழு நாள் கூடுதல்

கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பு. நகரத்துச் சாக்கடை நீர் கால்வாய் வழியே வந்து, உள்ளூரார் ‘பேரி’ என்னும் மீன் வளர்ப்பு ஏரிகளில் பரவித் தெளிகிற இடம். மொத்தம் 12,500 ஹெக்டேர். 2002-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம். கரைமேட்டில் ஒரு தகரக் கூரை வீடு. திண்ணை மூலையில், வைக்கோல் பரப்பிய மூங்கில் கூடையில், செம்பழுப்பு நாட்டுக்கோழி ஒன்று அடை கிடக்கிறது.

அதன் அடியில் இருப்பவை வாத்து முட்டைகள். ஒன்பது.

முற்றத்தில் திரியும் வாத்துகள் காக்கி கேம்ப்பெல். முட்டைக்காகவே உருவாக்கிய இனம். இட்டுவிட்டுப் போய்விடும், அடைக்கு உட்காருவது அபூர்வம். அந்தப் பாடு கோழியின் தலையில் விழுகிறது. கோழி முட்டை 21 நாளில் பொரியும், வாத்து முட்டைக்கு 28 நாள். கூடுதலான ஏழு நாளும் கோழி எழுந்து போய்விடவில்லை.

கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கேறுகிறது. கொண்டை வெளுத்துவிட்டது. நெஞ்சில் இறகு உதிர்ந்த வெறுந்தோல் முட்டைகளோடு ஒட்டிக் கிடக்கிறது. அந்தச் சூட்டில்தான் எல்லாம் நடக்கிறது. நாளுக்கு ஒருமுறை எழுந்து, நாலு கொத்து நொய், கொஞ்சம் தண்ணீர், மண்ணில் ஒரு புரளல். மறுபடி கூடை.

அந்த இடைவெளியில் வீட்டு மருமகள் குனிகிறாள். வாத்து முட்டை பெரிது, கோழியால் சரியாகப் புரட்ட முடியாது. ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்து, வெதுவெதுப்பான நீரை விரலால் தெளிக்கிறாள். முதல் வாரம் முடிந்த இரவு, கைப்பேசி விளக்கின்மேல் முட்டையை நிறுத்திப் பார்த்தார்கள். எட்டில் சிவப்பு நரம்புகள் வேர்போலப் பரவியிருந்தன. ஒன்று மட்டும் வெறும் வெளிச்சமாக நின்றது. “மருமகளே, இது கூமுட்டை, எடுத்துவிடு” என்றாள் மாமியார்.

இன்குபேட்டரும் பொரிக்கும். ஆனால் பொரித்த பிறகு வாரக்கணக்கில் பல்பின் சூடு வேண்டும். மின்சாரம் நின்றால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும். இப்படிப்பட்ட முற்றத்துக்குக் கோழியை விட நல்ல ஏற்பாடு கிடையாது. இந்தக் கோழியும் வாத்தும் பெண்களின் கைக்காசு. 2008 ஜனவரியில் வங்கத்தில் பறவைக் காய்ச்சல் பரவியபோது லட்சக்கணக்கில் கொன்று புதைத்ததில் வீட்டு முற்றங்களின் பறவைகளும் உண்டு. அந்த இழப்பை வெறும் எண்ணிக்கையாக விட்டுவிட மனம் வரவில்லை.

28-ஆம் நாள். ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுக் குரல். கோழி தாழ்ந்த குரலில் பதில் கொடுக்கிறது. ஒரு முட்டையில் நட்சத்திரக் கீறல். மருமகள் ஓட்டைப் பிரிக்கப் போகிறாள்; மாமியார் கையைப் பிடித்துக்கொள்கிறாள். உள்ளே மஞ்சள் கரு இன்னும் வயிற்றுக்குள் போய் முடிந்திருக்காது, சவ்வின் நரம்பு அறுந்தால் ரத்தம் போய்விடும். மறுநாள் காலைக்குள் ஏழு வெளியே வந்துவிட்டன. எட்டாவது ஓட்டுக்குள்ளேயே இறந்திருந்தது.

பிறகு ஒரு மாலை. தண்ணீரைக் கண்ட குஞ்சுகள் பேரிக்குள் இறங்கிவிட்டன. கோழி கரையில் முன்னும் பின்னும் ஓடிக் கத்துகிறது. மேலே பருந்து சுற்றுகிறது. மருமகள் வாத்தைக் கூப்பிடுகிற குரலில் “ஆய் ஆய், சோய் சோய்” என்கிறாள். பெரிய வாத்துகள் எல்லாம் திரும்பி வருகின்றன. குஞ்சுகளுக்கு அந்த அழைப்பு இன்னும் பழகவில்லை. மாமியார் கோழியைத் தூக்கிக்கொண்டு முழங்கால் ஆழத்தில் இறங்குகிறாள். கையிலிருந்தபடியே அது கொக்கரிக்க, ஏழும் ஆகாயத்தாமரையை விலக்கிக்கொண்டு நேராக அதனிடம் நீந்தி வருகின்றன. ஒவ்வொன்றாகப் பிடித்து மருமகளின் முந்தானைக்குள் போடுகிறாள்.