முகம் பார்த்துப் பேசும் வணிகம்

வணிகம் என்பது பொருளை மட்டும் கைமாற்றும் தொழிலன்று. நம்பிக்கையையும் கைமாற்றும் தொழிலாகும். வாங்குவோரும் விற்போரும் எதிரெதிரே அமர்ந்து பேசிய பின்னரே விலை படியும் என்பது நம் முன்னோர் கண்ட வழக்கம். அம்முகங்கள் இன்று கணினித் திரையிலும் கைபேசித் திரையிலும் சந்திக்கின்றன. எத்திரை நம் வணிகத்திற்கு ஏற்றது என்பதை நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயின்று வெளியேறிய நான், இராசபாளையத்தில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் சிறு நிறுவனமொன்றில் கடிதப் போக்குவரத்தைக் கவனித்து வருகின்றேன். 1936ஆம் ஆண்டில் பி.ஏ.சி. இராமசாமி ராஜா அவர்கள் பஞ்சாலை நிறுவிய ஊர் இது. அருகிலுள்ள சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணியால் பெயர் பெற்றது. ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவில்லிபுத்தூரோ, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவின் ஊர். அங்கே என் கல்லூரித் தோழர் ஒருவர் பால்கோவா கிண்டி வெளியூர்களுக்கு அனுப்புகின்றார். எங்கள் இருவருக்கும் காணொலிக் கூட்டம் இன்று அன்றாடத் தேவையாகிவிட்டது.

காலம் தந்த கட்டாயம்

முகம் பார்த்துப் பேசும் தொலைபேசி புதிய கனவன்று. 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சியிலேயே அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் அதனைக் காட்சிக்கு வைத்தது. ஆயினும் நம் ஊர்ச் சிறுதொழிலின் வாசலை அது தட்டியது, 2020 மார்ச் மாதத்தில் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோதுதான். துணியைத் தடவிப் பார்த்து வாங்க வந்தவர்கள் வரவில்லை. மாதிரித் துணிகளும் போகவில்லை.

அந்நாளில் நடந்த ஒன்றைக் கூறுதல் வேண்டும். வெளிமாநிலத்து வாங்குவோர் ஒருவருடன் திரைவழியே விலை பேசிக்கொண்டிருந்தோம். கூட்டத்தை அவருடைய முகவர் ஓர் இலவசக் கணக்கில் ஏற்பாடு செய்திருந்தார். எங்கள் முதலாளி, “இதற்குக் கீழே எங்களுக்குக் கட்டாது” என்று கூறிய அந்நொடியில் விதிக்கப்பட்ட நேரம் முடிந்து, திரை இருண்டது. முதலாளி சினந்து எழுந்துவிட்டார் என்று அவர்கள் கருதினர். அவர்களே துண்டித்தனர் என்று இவர் கருதினார். “தம்பி, அவர் முகம் வாடியதா, சினந்ததா என்றுகூடப் பார்க்க முடியவில்லையே” என்று வருந்தினார். இரண்டு நாள் இருபுறமும் பேச்சில்லை. தறிக்காரர்கள் வந்து, “அடுத்த பாவு உண்டா?” என்று வினவியபோது மறுமொழி கூற இயலவில்லை. மூன்றாம் நாள் நான் தொலைபேசியில் அழைத்துப் பேசிய பின்னரே ஐயம் நீங்கியது, விலையும் படிந்தது. ஒரு கருவியின் நேரக் கட்டுப்பாடு சில குடும்பங்களின் கூலியைத் தொடக்கூடும் என்பதை அன்று உணர்ந்தோம்.

உரைகல் யாது?

ஆகவே, விளம்பரத்தை விடுத்து நான்கு உரைகற்களைக் கொண்டேன். எதிரில் இருப்பவர் எளிதில் நுழைய முடிகின்றதா? இணையம் தளரும்போது குரல் தாங்குகின்றதா? பேச்சு இடையில் அறுபடுமா? அழையாதவர் உள்ளே புகாமல் காக்க வழியுண்டா?

இவற்றுள் குரலே முதன்மையானது. குரலுக்கு நொடிக்கு நூறு கிலோபிட் அளவுகூடத் தேவையில்லை; தெளிவான படத்திற்கோ அதனைப்போல் பத்து மடங்கிற்கும் மேல் வேண்டும். ஆதலால் இணையம் தளர்ந்தால் படத்தை நிறுத்திக் குரலைக் காப்பாற்றுவதே அறிவுடைமை.

என் வரிசை

முதலிடம் கூகுள் மீட் தளத்திற்கு. 2017இல் நிறுவனங்களுக்கென வந்த இது, 2020இல் அனைவருக்கும் இலவசமாயிற்று. கணினியில் தனிச் செயலி நிறுவ வேண்டுவதில்லை. இருவர் மட்டும் பேசினால் 24 மணி நேரம் வரையிலும், மூவரும் அதற்கு மேற்பட்டோரும் பேசினால் 60 நிமிடமும் இலவசம். நாட்காட்டியுடன் இணைந்திருப்பதால், ஐரோப்பியர் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும்போதும் குழப்பம் நேர்வதில்லை.

இரண்டாமிடம் ஜூம். எரிக் யுவான் 2011இல் தொடங்கிய நிறுவனம் இது. தளர்ந்த இணையத்திலும் இதன் குரல் தாங்குவதை நான் பலமுறை கண்டுள்ளேன். ஆனால் இலவசக் கூட்டம் 40 நிமிடமே. நீண்ட பேரத்திற்குக் கட்டணம் செலுத்துவதே நன்று. 2020 ஏப்ரலில் நம் உள்துறை அமைச்சகம் இதன் பாதுகாப்புக் குறித்து எச்சரித்தது. அவ்வாண்டு அக்டோபரில் முழுமையான மறையாக்க வசதியை இத்தளம் அளித்தது. கடவுச்சொல்லும் காத்திருப்பு அறையும் இன்றிக் கூட்டம் நடத்தலாகாது என்பது எத்தளத்திற்கும் பொருந்தும் பாடமாகும்.

மூன்றாமிடம் மைக்ரோசாப்ட் டீம்ஸ். சிறு நிறுவனத்திற்கு இது சற்றுக் கனமான சட்டை. எனினும் அயல்நாட்டுப் பெருநிறுவனங்கள் பல இதிலேயே இயங்குகின்றன. வாங்குவோர் இதில் அழைத்தால், இதுவே முதலிடம்! விருந்தினராக உலாவி வழியே நுழையலாம் என்பதால் அஞ்ச வேண்டுவதில்லை.

நான்காமிடம் சோகோ மீட்டிங். நம் பக்கத்துத் தென்காசியில், மத்தளம்பாறைச் சிற்றூரில் 2011 முதல் அலுவலகம் நடத்தும் தமிழர் நிறுவனத்தின் படைப்பு. கணக்கும் அஞ்சலும் அந்நிறுவனத்தின் மென்பொருளில் வைத்திருப்போர்க்கு இது முன்வரிசைக்கு உரியது. பாசத்தால் இதனை முதலில் வைக்க மனம் விரும்பினும், வாங்குவோர் பலர் இதன் பெயரைப் புதிதாகக் கேட்கின்றனர் என்பதே தடை.

ஐந்தாமிடம் வாட்சாப். முழு மறையாக்கம் உண்டு, 32 பேர் வரை பேசலாம், பழகாதவர் எவருமிலர். ஆனால் ஆவணங்களை ஒழுங்குற வைத்து நீண்ட பேரம் நடத்த இது போதாது.

இவ்வரிசையைத் திருவில்லிபுத்தூர்த் தோழரிடம் படித்துக் காட்டினேன். அவர் நகைத்து, “உன் கடைசி என் முதல்” என்றார். உண்மைதான். இனிப்புக் கடைக்காரர் அதிகாலையில் அழைத்து, “இன்று எத்தனை கிலோ?” என்று கேட்கும் வணிகத்திற்கு இணைப்பு முகவரியும் நாட்காட்டியும் எதற்கு? தொழிலுக்கேற்பவே தரவரிசை என்பதை அவர் ஒரு வரியில் உணர்த்தினார்.

திரை காட்டாதவை

எத்தளமாயினும் அதற்கோர் எல்லையுண்டு. இழை எண்ணும் கண்ணாடியைத் துணிமேல் வைத்துக் கைபேசியை அதன்மேல் பிடித்தால், ஓர் அங்குலத்தில் எத்தனை பாவிழை, எத்தனை ஊடையிழை என்று கடல் கடந்தவரும் எண்ணிவிடுவார். துணி நீரில் விரைந்து அமிழ்வதையும் காட்டலாம். வெண்மையை மட்டும் காட்ட இயலாது. ஒளிக்கேற்ப நிறத்தைக் கைபேசி தானே மாற்றிவிடும். துணியின் மென்மையும் பால்கோவாவின் சுவையும் அவ்வாறே. ஆதலால் மாதிரியை முன்னரே அனுப்புவதும், பேசி முடித்ததை அன்றே எழுத்தில் பதிந்து அனுப்புவதும் இன்றியமையாதவை.

மற்றுமொன்று. 2003இல் பிறந்து உலகெங்கும் ஆண்ட ஸ்கைப், 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. தளங்கள் வரும், போகும். வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணும் முகவரியும் நம் கைக்குறிப்பில் இருத்தல் வேண்டும். எக்காலத்தும் நட்பைத் தளத்திடம் அடகு வைத்தல் கூடாது.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் தந்தையாரின் கடையிலோ அயலார் அலுவலகத்திலோ அமரும்போது, எது சிறந்த கருவி என்று வினவுமுன், எதிரில் இருப்பவருக்கு எது எளிது என்று வினவுங்கள். விருந்தினர்க்கு ஏற்ற இருக்கையை முதலில் இடுவது நம் பண்பாடு. அப்பண்பாடே திரைவழி வணிகத்திற்கும் நல்ல முதலீடாகும்.