எழுதித் தேறிவிட முடியாத பகுதி

தஞ்சாவூரில் இருக்கும் என் அத்தை மகள் போன் பண்ணும்போதெல்லாம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உங்க ஊர்ல டீச்சர் ஆகணும்னா டெட் மாதிரி என்ன எழுதணும்?" பி.எட். முடித்த அவளுடைய மகள் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறாள். அதனால் வரும் கேள்வி.

டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு தமிழகத்தில் குடும்பங்களையே ஆட்டிவைக்கிற தேர்வு. 150 மதிப்பெண்ணுக்கு 90 எடுத்தால்தான் தேர்ச்சி என்ற கணக்கில் 2012-இல் முதன்முறையாக நடந்தபோது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் மூவாயிரத்தைக்கூடத் தொடவில்லை. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும் இரண்டு ஆண்டுக்குள் இதைத் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. காலமெல்லாம் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் தயாரித்த ஆசிரியைகள், சமையலை முடித்துவிட்டு ராத்திரியில் குழந்தை உளவியல் கைடைப் பிரித்து உட்கார்கிறார்கள். அவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

நான் இருக்கும் சிங்கப்பூரில் அப்படி ஊரே சேர்ந்து எழுதும் உரிமத் தேர்வு கிடையாது. கல்வி அமைச்சுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேர்ந்தெடுத்தால் நேர்காணல், சிலருக்கு மொழித்திறன் தேர்வும் வைப்பார்கள். பிறகு பெரும்பாலும் ஒரு பள்ளியில் ஒப்பந்த ஆசிரியராகக் கொஞ்ச காலம் வேலை பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி. கட்டணத்தை அமைச்சு கட்டுகிறது, படிக்கும்போதே சம்பளமும் உண்டு. பதிலுக்குச் சில ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தம். இதை விவரித்ததும் அத்தை மகள், "அப்ப ஈசிதானே?" என்றாள். இல்லை என்று அவளுக்குப் புரியவைக்க எனக்கு நேரம் பிடித்தது.

தமிழாசிரியர் நேர்காணலுக்குத் தயாராகும் இளையர்கள் சிலரை வார இறுதிகளில் தேக்கா உணவங்காடியில் சந்திப்பேன். அதுதான் எல்லாருக்கும் வர வசதி. சத்தம் அதிகம்தான், ஆனால் வகுப்பறையும் சத்தமான இடம்தானே. ஒருமுறை பட்டதாரிப் பெண் ஒருத்தி, பாடத்திட்டத்தை அழகாகத் தட்டச்சு செய்து கொண்டுவந்தாள். நோக்கம், நேரம், நடவடிக்கை என்று கட்டம் கட்டமாக. "மாணவர்களே, இன்று நாம் வளர்ப்பு விலங்குகளைப் பற்றி அறிந்துகொள்ளவிருக்கிறோம்" என்று தொடங்கினாள். பிழையே இல்லாத வாக்கியம். பக்கத்தில் மைலோவை உறிஞ்சிக்கொண்டிருந்த, தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் என் அக்கா பேரனிடம் "அக்கா என்னடா சொன்னாங்க?" என்று கேட்டேன். "ஷீ இஸ் ரீடிங்" என்றான். அவள் கையில் தாளே இல்லை.

அந்தப் பெண் உடனே புரிந்துகொண்டாள். மேசையில் இருந்த தாளைப் பைக்குள் வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பி, "தம்பி, நேத்து எங்கயாவது பூனையப் பாத்தியா?" என்றாள். "எங்க புளோக் கீழ ஒண்ணு இருக்கு. ஆரஞ்சு கலர். அதுக்கு வால் கட்டை." அதுவரை ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டிருந்த பையன், தமிழில் மூன்று வாக்கியம் சொல்லிவிட்டான். நான் மேலே எதுவும் சொல்லவில்லை. சொல்லித்தர அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

இங்கே தமிழாசிரியர் ஆக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. இங்கேயே படித்தவர்கள் தங்கள் எழுத்துத்தமிழை நினைத்துப் பயந்து, இலக்கண நூல்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். தமிழகத்திலிருந்து வந்தவர்களுக்கு இலக்கணம் கைவசம் இருக்கிறது. ஆனால் வீட்டில் ஆங்கிலமே புழங்கும் ஏழு வயதுப் பிள்ளையோடு பத்து நிமிடம் பேச்சைத் தமிழில் இழுத்துக்கொண்டு போகத் திணறுகிறார்கள். எழுத்துத்தமிழைப் படித்துத் தேற்றிவிடலாம் என்பது என் அனுபவம். பேச்சைத் தேற்றத்தான் பிள்ளைகள் வேண்டும்.

ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்தப் பேச்சுப் பயிற்சி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. 1946-இல் கடையநல்லூர் முஸ்லிம்கள் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் வீட்டிலிருந்தே தமிழோடு வந்தார்கள். இந்த ஊரின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாக இருந்த அது 1982-இல் மூடப்பட்டது. இன்று அந்தப் பெயரைத் தாங்கி நிற்பது பீட்டி சாலையில் இருக்கும் தமிழ்மொழி நிலையம். 1987 முதல் எல்லாப் பள்ளியிலும் ஆங்கிலமே முதல் மொழி. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2010 கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5 விழுக்காடு. 2005-இல் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத்தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரச் சொன்னபோது முகம் சுளித்தவர்கள் உண்டு. குழு சொன்னதுதான் சரி. வீட்டில் கேட்காத மொழியைப் பிள்ளை வேறு எங்கே கேட்கும்? தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழிப் பகுதியில் இப்போது காணொளியைப் பார்த்துவிட்டுத் தேர்வாளரோடு உரையாட வேண்டும். அதை மனப்பாடம் பண்ணி ஒப்பிக்க முடியாது. பிள்ளையை அதற்குத் தயார் செய்யும் ஆசிரியரும் மனப்பாடத்தை நம்ப முடியாது.

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் பள்ளிக்கு அனுப்புவார்கள், அதுதான் பலரைக் கலங்கவைக்கும் கட்டம். கல்விக் கழகத்திலிருந்து மேற்பார்வையாளர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். முன்வரிசைப் பையன் அந்த நேரம் பார்த்துப் பென்சிலை உருட்டுவான். பாடத்திட்டத்தில் ஐந்து நிமிடம் என்று போட்ட நடவடிக்கை பதினைந்து நிமிடத்தைத் தின்றுவிடும். மேற்பார்வையாளரைப் பார்த்துப் பாடம் நடத்துகிறவர்கள் தடுமாறுகிறார்கள்; பென்சில் உருட்டும் பையனைப் பார்த்து நடத்துகிறவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். பள்ளியில் நமக்கு வழிகாட்டும் மூத்த ஆசிரியர் முதல் நாளே சொல்லும் புத்திமதியும் கிட்டத்தட்ட இதுதான்.

அத்தை மகளின் பெண்ணுக்கும் இதையே எழுதி அனுப்பினேன். தமிழகத்துப் பி.எட். சான்றிதழ் மட்டும் இருந்தால் நேராக இங்குள்ள வகுப்புக்குள் நுழைந்துவிட முடியாது. பெற்றோரிடமும் சக ஆசிரியர்களிடமும் பேச ஆங்கிலமும் வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். இங்கேயே வளர்ந்த இளையர்களிடம் நான் கேட்டுக்கொள்வது வேறு. உயர்நிலைப் பள்ளியோடு தமிழை விட்டுவிட்டோமே என்று தயங்கி நிற்காதீர்கள். சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழில் பட்டம் படிக்க வழி இருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்னால், உங்கள் புளோக்கில் இருக்கும் தமிழ்ப் பிள்ளை ஒன்றோடு தினமும் கொஞ்ச நேரம், ஆங்கிலத்துக்குத் தாவாமல் பேசிப் பாருங்கள். அந்தப் பேச்சு உங்களுக்குச் சந்தோஷம் தந்தால் விண்ணப்பியுங்கள். நேர்காணலுக்கு வேண்டியதை ஆசிரியர்களான நாங்கள் சேர்ந்து சொல்லித்தருகிறோம்.