39 டாலர் விமானமும் 5 ரூபாய் ஆட்டோவும்



இந்த மாதச் சுவர் இதழுக்கு ஆளுக்கு ஒரு தீவு என்று சமூக அறிவியல் டீச்சர் சீட்டு குலுக்கிப் போட்டார்கள். அந்தமான் வரணும்னு சாமி கும்பிட்டுக்கிட்டே எடுத்தேன். வந்தது ஹவாய். சரி, எரிமலையைப் பற்றி எழுதிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் டீச்சர் கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டியதைப் படித்தபோது என் மனசு விமானத்திலேயே நின்றுவிட்டது. ஏன்னு சொல்றேன்.

ஹவாய் என்பது பசிபிக் பெருங்கடலின் நடுவில் இருக்கும் அமெரிக்க மாநிலம். பெரிய தீவுகள் மட்டும் 8. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பாலம் கிடையாது. 2007-இல் பெரிய கப்பல் ஒன்று விட்டுப் பார்த்தார்கள். சுற்றுச்சூழல் வழக்கு வந்து 2009-இல் அது நின்று போனது. அதனால் அங்கே விமானம்தான் டவுன் பஸ். ஹொனலூலுவிலிருந்து மௌயி தீவுக்கு சுமார் 160 கிலோ மீட்டர், அரை மணி நேரம். பெரிய டாக்டரைப் பார்க்கணும் என்றாலும் விமானம். பள்ளிக்கூட வாலிபால் டீம் அடுத்த தீவுக்கு விளையாடப் போகணும் என்றாலும் விமானம்! நம்ம கபடி டீம் மினி பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு போனதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அங்கே ரொம்ப வருஷமாக இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டன. ஒன்று ஹவாயன், 1929-இல் பறக்க ஆரம்பித்தது. இன்னொன்று 1946-இல் ரடி டாங் என்ற சீன வம்சாவளிப் பதிப்பாளர் தொடங்கியது. அதுதான் பிறகு அலோஹா ஆனது. அலோஹா என்றால் அவர்கள் மொழியில் வணக்கம், அன்பு என்று அர்த்தம். 2006 ஜூன் மாதம் மீசா என்ற வெளியூர் கம்பெனி 'கோ' என்ற பெயரில் விமானங்களைக் கொண்டு வந்து இறக்கியது. டிக்கெட் 39 டாலர்தான். மற்ற இரண்டு கம்பெனிகளும் வேறு வழியில்லாமல் இறங்கின. ஒரு கட்டத்தில் 19 டாலருக்கும் டிக்கெட் கொடுத்தார்கள். ஜனங்களுக்கு ஒரே கொண்டாட்டம். யாருக்குத்தான் கசக்கும்? அந்த நேரம் பார்த்து எண்ணெய் விலையும் ஏறியது. மீசாவுக்கு மற்ற ஊர்களில் வேறு விமானங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அலோஹா ஏற்கெனவே 2004-இல் ஒரு தடவை திவாலாகி எழுந்த கம்பெனி. 2008 மார்ச் 31-ஆம் தேதியோடு அதன் பயணிகள் விமானங்கள் நின்றன. சுமார் 1,900 பேருக்கு வேலை போனது.

இதைப் படித்தபோது எனக்கு எங்க அப்பா முகம்தான் ஞாபகம் வந்தது.

எங்க அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அதில்தானே வந்தீங்க! ஆளுக்கு 10 ரூபாய். போன வருஷம் இன்னொருவர் வண்டி கொண்டு வந்தார். 5 ரூபாய் என்றார். எல்லாரும் அதில் ஏறினீங்க. எனக்குக் கோபம் இல்லை, ஏனென்றால் நானும் ஏறியிருக்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. காலாண்டுக் கணக்குப் பரீட்சை அன்றைக்கு அப்பா வண்டியில் நானும் ஒரு பாட்டியும்தான் உட்கார்ந்திருந்தோம். ஆள் சேராமல் வண்டி கிளம்பாது. மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. எதிரே அந்த வண்டி நிறைந்து கிளம்பத் தயாராக நின்றது. நான் அப்பாவைப் பார்த்தேன். "போ பாப்பா, பரீட்சைக்கு நேரமாச்சு" என்றார். அதற்குக் கொடுக்க 5 ரூபாயையும் அவர்தான் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வண்டி திரும்பும்போது பார்த்தேன். அப்பா பின் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அப்பாவும் 5 ரூபாய் ஆக்கினார். டீசலுக்கே சரியாகப் போச்சு. அந்த ஆளுக்கு டவுனில் இன்னும் 3 வண்டி ஓடுது, இங்கே நஷ்டம் வந்தாலும் தாங்கும். எங்களுக்கு இருந்தது ஒன்று. அதற்கும் மாசா மாசம் டியூ. தைக்கு முன்னாடியே வண்டியை விற்றாச்சு. அப்பா இப்போது ஒரு ஓடு கடையில் லோடு ஏற்றுகிறார். 5 ரூபாய் ஆட்டோ இப்போது 15 ரூபாய். சாயங்காலம் 6 மணி டிரிப்பும் கிடையாது. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து நாம் நடந்துதானே போகிறோம்.

ஹவாயிலும் அலோஹா போன பிறகு டிக்கெட் விலை ஏறியதாம். இன்னொரு சங்கதி. பணம் போட வருகிறோம் என்று சொல்லி ஹவாயன் கம்பெனியின் ரகசியக் கணக்குகளை வாங்கிப் பார்த்த மீசா, அதைத் தப்பாகப் பயன்படுத்தியது என்று கோர்ட்டில் முடிவானது. 2007-இல் 80 மில்லியன் டாலர் நஷ்ட ஈடு என்று தீர்ப்பு. 'கோ'வும் 2014 ஏப்ரலில் நின்றது. 2019-இல் சவுத்வெஸ்ட் என்ற பெரிய கம்பெனி வந்து மறுபடி போட்டி ஆரம்பித்தது. 2024-இல் ஹவாயனையே அலாஸ்கா கம்பெனி வாங்கிவிட்டது. ஆனாலும் விமானத்தில் ஹவாயன் பெயரை எடுக்க மாட்டோம் என்று சொல்லித்தான் வாங்கியது.

பெயர் என்றதும் ஒன்று சொல்லணும். அலோஹா மூடிய பிறகு அந்தப் பெயரை மீசாவுக்கே கொடுக்க ஒரு பேச்சு நடந்தது. வேலை போனவர்கள் எதிர்த்தார்கள். நீதிபதி கொடுக்க விடவில்லை. இதை நான் இரண்டு தடவை படித்தேன்.

எங்க ஆட்டோவின் பின்னால் என் பெயர் எழுதியிருந்தது. வண்டியை விற்கிற அன்றைக்கு அப்பா பிளேடை வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். "வாங்குறவரே பெயிண்ட் அடிச்சுக்குவாரே" என்று அம்மா சொன்னார்கள். அப்பா நிறுத்தவில்லை. போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அந்த வண்டியைப் பார்த்தேன். முதல் எழுத்தின் சுழி மட்டும் இன்னும் லேசாகத் தெரிகிறது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி