தாயம் விழாதவர்களின் கணக்கு

தாயக்கட்டையை உருட்டாத வீடு எங்கள் பக்கம் குறைவு. அதில் விழும் எண்களை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நீளவாட்டில் நான்கு முகம்: ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, நான்காவது வெறுமை. ஆக, இரண்டு கட்டையும் சேர்ந்து பதினாறு விதமாக விழலாம். அதில் தாயம் விழ இரண்டே வழிதான்; ஒரு கட்டை ஒன்று காட்ட, மற்றது வெறுமையாக இருக்க வேண்டும். இரண்டு விழ மூன்று வழி, மூன்று விழ நான்கு வழி, நான்கு விழ மூன்று வழி. ஐந்துக்கு இரண்டு. ஆறுக்கு ஒன்றே ஒன்று. இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு. அதற்கும் ஒரே வழி.

இப்போது ஆட்டத்தின் விதியைப் பாருங்கள். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். இரண்டு, மூன்று, நான்கு விழுந்தால் காயை நகர்த்திவிட்டுக் கட்டையை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். வழி குறைந்த எண்களுக்கெல்லாம் சலுகை. வழி நிறைந்தவற்றுக்கு ஒன்றும் கிடையாது. பின்னமும் சதவீதமும் தெரிந்து யாரும் இந்த விதியை வகுத்திருக்க வேண்டியதில்லை. திண்ணையில் தலைமுறை தலைமுறையாக உருட்டிய கைகளுக்கே எது அரிது, எது மலிவு என்று பிடிபட்டிருக்கிறது. இதை முதன்முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்று, பள்ளியில் பைக்குள் சிவப்புப் பந்து, நீலப் பந்து என்று நிகழ்தகவு நடத்திய பாடத்தின் மீது எனக்குக் கோபமே வந்தது. வீட்டுக்கு வீடு இரண்டு கட்டைகள் கிடக்க, பந்துகளை ஏன் தேடிப் போனார்கள்?

அடுத்த கேள்வி இன்னும் சுவையானது. தாயம் விழுந்தால்தான் காயை இறக்க முடியும். ஒருவர் முறை வந்து, கட்டை கைமாறுவதற்குள் அவருக்குத் தாயம் விழ என்ன வாய்ப்பு? ஐந்து விழுந்து மறுபடி உருட்டி, பன்னிரண்டு விழுந்து மறுபடி உருட்டி என்று போய்க்கொண்டே இருக்கலாம் என்பதால் முடிவில்லாத கூட்டல் போல மிரட்டும். மிரள வேண்டாம். ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகிய நான்கு வழிகளும் எதையும் தீர்மானிப்பதில்லை. இன்னொரு உருட்டல் தருவதோடு சரி. அவற்றைக் கணக்கிலிருந்தே தள்ளிவிடுங்கள். மிச்சம் பன்னிரண்டு வழி. அதில் இரண்டு தாயம், பத்து கைமாறுதல். ஆக, ஆறில் ஒன்று. எனக்கு இந்த மாதிரிக் கணக்குகளில் பிடித்ததே இதுதான்: மலை போல நின்றது, தேவையில்லாததைத் தள்ளியதும் ஒரு வரியில் முடிந்துவிடுவது.

ஆறில் ஒன்று என்றால் ஆறு முறை வந்தால் ஒரு தாயம் நிச்சயம் என்று தோன்றும். அப்படியில்லை. ஆறு முறை வந்தும் ஒருவருக்குத் தாயமே விழாமல் போகிற வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. நான்கு பேர் ஆடினால், ஆறு சுற்று முடிந்த பிறகும் அவர்களில் ஒருவராவது காயை இறக்காமல் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு எண்பது. அதாவது ஐந்து ஆட்டத்தில் நான்கில் ‘ராசியில்லாதவர்’ ஒருவர் இருந்தே தீருவார். “அவளுக்கு எப்பவும் கட்டை சொன்ன பேச்சுக் கேக்காதுடா” என்று என் அத்தையைப் பற்றிப் பெரியம்மா சொல்வார். அத்தையும் அதை ஒப்புக்கொண்டுதான் ஆடுவார். இந்த எண்பதைச் சொன்னபோது இருவருமே மசியவில்லை. “அதெல்லாம் உன் நோட்டுல. எனக்கு ஏன் விழல, அதைச் சொல்லு” என்றார் அத்தை. யாராவது ஒருவருக்கு விழாது என்பதைத்தான் கணக்கு சொல்லும். அந்த ஒருவர் ஏன் தானாக இருக்கவேண்டும் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. அத்தையின் கேள்வி என் கணக்கைவிடப் பழையது.

இரண்டு வழிக்கும் பத்து வழிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கை உணர்ந்துகொள்ளும். நூற்றுக்கு ஐம்பதையும் ஐம்பத்தொன்றரையையும் பிரித்தறியக் கையால் ஆகாது. சூதாட்டத்தின் பிழைப்பு முழுக்க அந்த ஒன்றரையில்தான் நடக்கிறது.

மங்காத்தாவை எடுத்துக்கொள்வோம். உள்ளே வெளியே என்று இதைச் சொல்வார்கள். திருவிழாத் தோப்புகளிலும் கல்யாண மண்டபத்து மொட்டை மாடிகளிலும் நடப்பது. கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டுவார்கள். ஏழு என்று வையுங்கள். பிறகு மீதி 51 சீட்டுகளையும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். எந்தப் பக்கம் முதலில் இன்னொரு ஏழு விழுகிறதோ அந்தப் பக்கம் பணம் கட்டியவருக்கு வெற்றி. பார்க்கச் சரிக்குச் சரி போலத்தான் இருக்கும். மூளைக்கு வேலையே இல்லாத ஆட்டம். அதனாலேயே எனக்கு அதன் கணக்கு மேல் ஆசை.

முதல் கேள்வி: அடுத்த ஏழு வர சராசரியாக எத்தனை சீட்டு ஆகும்? இதையும் வழி வழியாகக் கூட்டிக்கொண்டு போனால் ஒரு மாலை போய்விடும். வேறு மாதிரி பாருங்கள். மீதமுள்ள மூன்று ஏழுகளும் மற்ற 48 சீட்டுகளை நான்கு கூறாகப் பிரிக்கின்றன: முதல் ஏழுக்கு முன்னால் உள்ளவை, முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே உள்ளவை, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே உள்ளவை, கடைசிக்குப் பின்னால் உள்ளவை. நன்றாகக் கலைத்த கட்டில் இந்த நான்கில் எதற்கும் தனிச் சலுகை கிடையாது. ஆகவே சராசரியாக ஆளுக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டு சீட்டு கடந்து பதின்மூன்றாவது சீட்டு ஏழு. பேனாவே வேண்டாம்!

ஆனால் தனியாக எந்த இடத்துக்கு வாய்ப்பு அதிகம் என்று கேட்டால் விடை பதின்மூன்று அல்ல, முதல் சீட்டுதான். இரண்டாவதுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு, மூன்றாவதுக்கு இன்னும் குறைவு, இப்படியே இறங்கிக்கொண்டு போகும். முதல் சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் ஒவ்வொரு இணையிலும் ஒரு மயிரிழை முந்துகிறது. மூன்று ஏழுகளும் உட்காரக்கூடிய விதங்கள் மொத்தம் 20,825. அதில் முதல் பக்கத்துக்கு 10,725, மறுபக்கத்துக்கு 10,100. சதவீதத்தில் ஐம்பத்தொன்றரையும் நாற்பத்தெட்டரையும். மறுபக்கமே கட்டிக்கொண்டிருப்பவர் நூறு ரூபாய்க்கு மூன்று ரூபாய் வீதம் இழந்துகொண்டிருப்பார், நீண்ட ஓட்டத்தில். இதை ஆடிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டுமானால் ஒரு நாலாயிரம் ஆட்டத்தையாவது குறித்துவைக்க வேண்டும். நூறு ஆட்டத்தில் நாற்பத்தேழும் வரும், ஐம்பத்தாறும் வரும்; எதுவும் புலப்படாது.

1654-இல் பிரான்சில் பாஸ்கல், ஃபெர்மா என்ற கணிதவியலாளர்கள் கடிதம் எழுதிக்கொண்டு நிகழ்தகவுத் துறையைத் தொடங்கிவைத்த கதையிலும் இப்படி ஒரு மயிரிழை வருகிறது. ஒரு பகடையை நான்கு முறை உருட்டி ஒரு ஆறாவது விழும் என்று பந்தயம் கட்டினால் வெற்றி வாய்ப்பு 51.8 சதவீதம். இரண்டு பகடையை 24 முறை உருட்டி இரட்டை ஆறு விழும் என்றால் 49.1. ஷெவாலியே தெ மெரே என்பவர் சூதாடிச் சூதாடியே இந்த வித்தியாசத்தை உணர்ந்தார் என்று சொல்வார்கள். நான் நம்பவில்லை. அவரும் காகிதத்தில்தான் போட்டிருப்பார்.

ரம்மி வேறு சாதி. கையில் ஆர்ட்டின் ஆறும் ஏழும் இருந்தால் ஐந்து வந்தாலும் சேரும், எட்டு வந்தாலும் சேரும். இரண்டு கட்டு ஆட்டத்தில் நான்கு சீட்டுகள் காத்திருக்கின்றன. ஆறும் எட்டும் இருந்தால் நடுவில் உள்ள ஏழு மட்டும்தான், இரண்டே சீட்டு. அதில் ஒன்றை யாராவது கீழே இறக்கிவிட்டால் பாதி நம்பிக்கை போயிற்று. இதை மனதில் ஓட்டிக்கொண்டே ஆடுபவரும், ஜோக்கர் வரட்டும் என்று சாமியைக் கும்பிடுபவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள். விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் ஆந்திர வழக்கு ஒன்றில் சொன்னது. பிற்காலத்தில் கைபேசி ரம்மிக்காரர்கள் இந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு வாதாடினார்கள். திறமையா அதிர்ஷ்டமா என்ற அந்த வழக்காடலே எனக்குத் திசை தப்பியதாகப் பட்டது. நடத்துபவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறார் என்றால், ஆடும் எல்லோருடைய பணத்தையும் சேர்த்துக் கூட்டினால் அது குறைந்துகொண்டுதான் போகும். அதற்குக் கூட்டல் கழித்தல் போதும். சட்டப் புத்தகம் வேண்டாம். 2025-இல் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியது.

மண்டபத்து ரம்மிக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ஆட்டம் முடிந்து அள்ளும்போது சீட்டுகள் வரிசை வரிசையாகவும் இனம் இனமாகவும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. கட்டை இரண்டாகப் பிரித்து, விரலால் சரசரவென்று உதிர்த்து ஒன்றுக்குள் ஒன்றைச் செருகும் முறையில், 52 சீட்டுக்கு ஏழு முறை கலைத்தால் போதும் என்று கணிதவியலாளர்கள் பேயரும் டயகோனிஸும் 1992-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். நாம் கையில் பிடித்துக் கொத்துக் கொத்தாக மேலிருந்து கீழே தள்ளுவது அதன் பக்கத்தில்கூட வராது. அந்த முறையில் ஒழுங்காகக் கலைய ஆயிரக்கணக்கான முறை தள்ள வேண்டும். “எனக்கு மட்டும் ஏன் மாப்ளே எப்பவும் ஒரே மாதிரி வருது?” என்று புலம்பும் மாமாவின் குறையில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

ஒரு புதிரின் விடையைக் கண்டதும் நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. ராமானுஜன் அந்த ரகம் இல்லை. 1914 டிசம்பரில் கேம்பிரிட்ஜில் நண்பர் மஹலனோபிஸ், ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் வந்த புதிர் ஒன்றை அவருக்குப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகளுக்கு ஒன்று, இரண்டு என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கத்து எண்களின் கூட்டுத்தொகையும் அந்தப் பக்கத்துக் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். 288 வீட்டுத் தெருவில் 204-ஆம் வீடு என்பது விடை. அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்த ராமானுஜன், ஐம்பது ஐந்நூறு என்ற எல்லையே இல்லாமல் அத்தனை தெருக்களுக்கும் விடை தரும் ஒரு தொடர்பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். எட்டு வீட்டுத் தெருவில் ஆறாவது வீட்டை நீங்களே கூட்டிச் சரிபார்க்கலாம்: இந்தப் பக்கம் பதினைந்து, அந்தப் பக்கம் பதினைந்து. நமக்கு அந்தத் தொடர்பின்னம் வராது. ஆனால் விடை கிடைத்த பிறகும் ‘இன்னும் எந்தத் தெருவில்?’ என்று கேட்க யாரும் தடையில்லை.

உங்களுக்கு ஒன்று தருகிறேன். நன்றாகக் கலைத்த 52 சீட்டுக் கட்டை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வாருங்கள். முதல் ஆஸ் வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு அடுத்த சீட்டு இஸ்பேட் ஆஸாக இருக்க வாய்ப்பு அதிகமா, கிளாவர் இரண்டாக இருக்க வாய்ப்பு அதிகமா? முதலில் வந்த ஆஸே இஸ்பேடாக இருக்கலாமே, கிளாவர் இரண்டும் முன்பே போயிருக்கலாமே என்றெல்லாம் மனம் அலையும். பெரிய கணக்கு எதுவும் வேண்டாம். நீங்கள் கேட்கிற அந்த ஒரு சீட்டைக் கட்டிலிருந்து உருவி எடுத்துவிட்டு, மீதி 51-ஐ வரிசையாக அடுக்கி, உருவியதைத் திரும்பச் செருக எத்தனை இடம் இருக்கிறது என்று பாருங்கள். விடையை நான் சொல்லப்போவதில்லை. யாரிடமும் பந்தயம் மட்டும் கட்டாதீர்கள்.