நாலு எலுமிச்சம்பழம்... ரெண்டு ஜாப் கார்டு!

புது வண்டி எடுத்தா என்ன செய்வோம்? நாலு டயருக்கும் அடியில எலுமிச்சம்பழம் வெச்சு 'நச்'னு நசுக்குவோம். எங்க அப்பாவும் அப்படித்தான் செஞ்சார். ஓட்டிப் பிழைக்கக் கடன் வாங்கி எடுத்த குட்டி லோடு வண்டி அது. ரெண்டாவது மாசமே மேடு ஏறும்போது இன்ஜின் ஆஃப்! ஆறு தடவை சர்வீஸுக்குப் போச்சு. ஆறு தடவையும் ஒரே பதில்... 'சரி பண்ணியாச்சு சார்!' வண்டி நின்னுடும், இ.எம்.ஐ. மட்டும் நிக்காம ஓடும்.

கடுப்புல தேடினப்போ சிக்கினதுதான் அமெரிக்காவோட 'லெமன் லா'. அங்கே சரிபண்ணவே முடியாத வண்டிக்குப் பேரே எலுமிச்சம்பழம்தான்! 1982-ல் கனெக்டிகட் மாநிலம் முதல்ல இந்தச் சட்டம் போட்டுச்சு. இப்போ 50 மாநிலத்துலயும் இருக்கு.

கலிஃபோர்னியா கணக்கைப் பாருங்க. 18 மாசம் அல்லது 18,000 மைல், எது முதல்ல வருதோ அதுக்குள்ள, ஒரே கோளாறுக்கு நாலு தடவை ரிப்பேர். உயிருக்கு ஆபத்தான கோளாறுன்னா ரெண்டே தடவை. இல்லேன்னா, மொத்தமா 30 நாளுக்கு மேல ஒர்க்‌ஷாப்ல கிடந்திருக்கணும். அவ்வளவுதான்... 'கம்பெனிக்குப் போதுமான வாய்ப்பு கொடுத்தாச்சு'ன்னு சட்டமே எடுத்துக்கும். இல்லைன்னு நிரூபிக்கறது கம்பெனி தலைவலி. தோத்தா, வண்டியை மாத்தித் தரணும். அல்லது ஓட்டின தூரத்துக்குக் கழிச்சுக்கிட்டுப் பணத்தைத் திருப்பணும். சின்னத் தொழில் செய்றவரோட டிரக்குக்கும் இது உண்டு.

நம்ம ஊர்ல இப்படி எண்ணிக்கை வெச்ச சட்டம் இல்லை. ஆனா, 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. 'லோடு வண்டிக்கெல்லாம் கன்ஸ்யூமர் கோர்ட் கிடையாது தம்பி'ன்னு ஷோரூம்ல சொன்னாங்க. தப்பு! சொந்த உழைப்புல பிழைக்க வாங்கினவரும் நுகர்வோர்தான்னு சட்டமே சொல்லுது. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் வழக்குக் கட்டணம்கூட இல்லை.

துள்ளிக் குதிச்சு, 'அப்பா, ஜாப் கார்டெல்லாம் எடுங்க!'ன்னேன். இருந்தது ரெண்டே ரெண்டு. மீதி நாலு தடவை வண்டியைக் கொண்டுபோய் விட்டது யாரு தெரியுமா? நான்தான்! மெக்கானிக்கல் தேர்ட் இயர் படிக்கிற நான், நீட்டின இடத்துல கையெழுத்துப் போட்டேன், காப்பி கேட்கலை. அப்பா என்னைத் திட்டலை. வண்டியைக் கிடைச்ச விலைக்கு வித்துட்டார். கடன் இன்னும் ஓடுது.

அங்கேயும் சரி, இங்கேயும் சரி, எத்தனை தடவை அலைஞ்சோம்னு பேசப்போறது பேப்பர்தான். அதனால பாஸ், அடுத்த தடவை சர்வீஸுக்குப் போனா, என்ன கோளாறுன்னு எழுத வெச்சு, தேதி பார்த்து, காப்பியை வாங்கிட்டு வாங்க. டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் ஒண்ணு குறைஞ்சா பரவாயில்லை... ஃபைல்ல ஜாப் கார்டு ஒண்ணுகூடக் குறையக் கூடாது!