அடைக்கலம் தந்த மருதமடு

மதவாச்சியிலிருந்து மன்னார் செல்லும் நெடுஞ்சாலையை விட்டு மடுச் சந்தியில் வடக்கே திரும்பினால், இருமருங்கும் காடு தொடர்கிறது. அக்காட்டின் நடுவே மருதமடு அன்னையின் ஆலயம் எழுந்து நிற்கின்றது. ஆடித் திருவிழாவிலும் ஆவணித் திருவிழாவிலும் தமிழரும் சிங்களவருமாக மக்கள் வெள்ளம் திரண்டு, மரநிழலில் கூடாரமடித்து, அடுப்பு மூட்டித் தங்குவது இத்தலத்தின் தொன்றுதொட்ட வழக்கம்.

நாம் சென்றது திருவிழாக் காலமன்று. ஆலய வளவில் செபமாலையுடன் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், ஒரு மரத்தடியைச் சுட்டிக்காட்டினார். “பிள்ளையள், இதிலதான் எங்கட கொட்டில் நின்றது. முந்தி நேர்த்திக்கு வந்து தங்கின இடம். பிறகு உயிருக்குப் பயந்து வந்து தங்கினம்” என்றார். அச்சொற்கள் நம்மை வெகுநேரம் சிந்திக்க வைத்தன.

இத்தலத்தின் தொடக்கமே இடப்பெயர்வுதான். 1658இல் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்தினர். 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் தம் அன்னையின் சொரூபத்தைச் சுமந்துகொண்டு இக்காட்டுக்குள் புகுந்தன என்பது நம் முன்னோர் வழிவந்த வரலாறு. அகதிகள் கொண்டுவந்த அன்னை, பின்னாளில் அகதிகளுக்கே தாயானாள்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது, வடபகுதி மக்கள் பலர் படகேறி இராமேசுவரம் சென்றனர். கடல் கடக்க அஞ்சியவர்களும் இயலாதவர்களும் மடுவை நாடினர். நாட்டின் எல்லையைக் கடந்தவர்களுக்கு உதவுவதே ஐ.நா. அகதிகள் உயர் ஆணையத்தின் முதற்கடமை. எனினும் அவ்வாண்டில் அது வழக்கத்தினின்று விலகி, மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண மையங்களை அமைத்தது. ‘திறந்த’ என்னும் சொல் பொருள் பொதிந்தது. எவரும் வரலாம், வேண்டும்போது போகலாம். ஊர் அமைதியுற்றால் வயலைப் பார்க்கச் செல்லலாம். வேட்டுச் சத்தம் கேட்டால் திரும்பலாம். வேலியும் காவலும் இன்றி, உணவும் உறைவிடமும் கிடைக்கும். கிடுகும் தறப்பாளும் வேய்ந்த கொட்டில்கள் ஆலயத்தைச் சூழ்ந்தன. குருக்களும் துறவியரும் மக்களோடு மக்களாய் அங்கே வாழ்ந்தனர்.

ஆயினும் இவ்வேற்பாடு முழுவதும் ஒரே நூலில் தொங்கிற்று. ஆயுதம் தாங்கிய இருதரப்பும் இப்புனித மண்ணை மதிக்கவேண்டும் என்பதே அது. 1999 நவம்பர் 20ஆம் நாள் அந்நூல் அறுந்தது. ஆலய வளாகத்தில் எறிகணைகள் விழுந்தன. தஞ்சம் புகுந்திருந்தோரில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். இருதரப்பும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டின. அரிசி மூட்டை எறிகணையைத் தடுக்காது. ஆலயச் சுவரும் தடுக்கவில்லை.

2008 ஏப்ரலில் போர் மறுபடியும் ஆலயத்தை நெருங்கியது. அன்னையின் சொரூபத்தைக் குருக்கள் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றனர். மாந்தையிலிருந்து ஓடிவந்த அன்னை, மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் மீண்டும் அகதியானாள். திருக்குடும்பத்தோடு எகிப்துக்கு ஓடியவளுக்கு அவ்வழி புதிதன்று. பின்னர் அவள் தன் ஆலயம் திரும்பினாள். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. 2015 ஜனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இங்கு வந்து, போரினால் துயருற்ற குடும்பங்களோடு செபித்தார்.

அன்பு வாசகரே, போரில் வீடிழந்தோருக்கு நாம் பணம் அனுப்புகிறோம், பழைய உடைகளைத் தருகிறோம், நன்று. மடு அதனினும் கடினமானதொன்றை நம்மிடம் கேட்கின்றது. வருகிறவரை வரவிடுவதும், போக விரும்புவோரைப் போகவிடுவதும், அவர்கள் தங்கியிருக்கும் மண்ணைக் காக்குமாறு ஆயுதம் ஏந்தியோரிடம் அஞ்சாது வற்புறுத்துவதுமே அது. நம் பங்கிலும் இடம்பெயர்ந்து வந்த குடும்பம் ஒன்று வாழக்கூடும். அதன் கதவைத் தட்டி, பெயர் கேட்டு, ஒருவேளை உணவுக்கு அழைத்திருக்கிறோமா?

விடைபெறும்போது அம்மூதாட்டி குனிந்து ஒரு பிடி மண்ணெடுத்து நம் கையில் வைத்தார். மடுவின் மண் விடந்தீர்க்கும் என்பது நம் மக்களின் நம்பிக்கை. பகையென்னும் விடத்தையும் அது தீர்க்குமாறு அன்னையை வேண்டிக்கொண்டு திரும்பினோம்.