பட்டியலில் ஒரு பெயர்

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. நாடாளுமன்றத் தேர்தல் நாள். மேடவாக்கத்தில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் பலரும் வெயில் ஏறுவதற்கு முன்பே ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, மை வைத்த விரலை நீட்டி செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மாடியில் ஒரு பாட்டி மட்டும் காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை.

கன்னியாகுமரி மாவட்டம், கல்குளம் தாலுகாவைச் சேர்ந்தவர். அரசுப் பள்ளியில் வரலாறு கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த பிறகு மகள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆனால், அவர் பெயர் இன்னும் ஊர்ப் பட்டியலிலேயே இருந்தது. "அடுத்த வாரம் மாத்திடலாம் அத்தை" என்று மருமகன் சொல்லிச் சொல்லியே தேர்தல் வந்துவிட்டது. கல்லூரியில் படிக்கும் பேத்திக்கும் 18 வயது முடிந்திருந்தது. அவளும் பெயர் சேர்க்கவில்லை. "ஒரு ஓட்டுல என்ன ஆகிடப்போகுது?" என்றாள். பாட்டி அதற்கும் பதில் சொல்லவில்லை.

பதில் ஜூலையில்தான் வந்தது.

இரான் அதிபர் தேர்தலில் சீர்திருத்தவாதியான மசூத் பெசெஷ்கியான் ஜெயித்த செய்தியை பேத்தி மொபைலில் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாட்டி, இதைக் கேளேன். போட்டியிட 80 பேர் மனு கொடுத்தாங்களாம். ஆறு பேரைத்தான் விட்டாங்களாம். மனு கொடுத்த பொம்பளைங்கள்ல ஒருத்தரைக்கூட விடலை. இது ஒரு தேர்தலா?"

இரானில் யார் போட்டியிடலாம் என்பதை காவலர் மன்றம் என்ற 12 பேர் கொண்ட குழு முடிவு செய்கிறது. அதில் ஆறு பேர் மதச் சட்ட அறிஞர்கள். அவர்களை நாட்டின் உச்ச தலைவரே நியமிக்கிறார். 1997-ல் முகமது கத்தாமி பெரும் ஆதரவோடு அதிபரானபோதும், நாடாளுமன்றம் நிறைவேற்றிய பல சட்டங்களை இந்த மன்றம் தடுத்து நிறுத்தியது. 2004-ல் பதவியில் இருந்த சீர்திருத்தவாத எம்.பி-க்கள் பலரையே மறுபடி போட்டியிட விடவில்லை. 2024-ல் முதல் சுற்றில் ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 40 சதவிகிதம்தான்.

பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம ஊருலயும் இப்படித்தான் மக்ளே இருந்துச்சு. எங்க அப்பா காலத்துல நாட்டுக்கு ராஜா, சாமி."

கதை இல்லை, வரலாறு. 1750-ல் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூர் நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்தார். அன்று முதல் மன்னர்கள் 'பத்மநாப தாசர்', அதாவது சாமியின் ஊழியர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அந்த நாட்டில்தான் இருந்தது.

அந்த நாட்டில் 1888-லேயே சட்டமன்றம் வந்தது. 1904-ல் ஸ்ரீமூலம் பிரஜா சபை வந்தது. தேர்தலும் வந்தது. ஆனால் நிலவரி, வருமானம், படிப்பு என்று கணக்குப் பார்த்தே ஓட்டு. பனையேறிப் பிழைத்த பாட்டியின் தாத்தாவுக்கு அதில் எதுவும் இல்லை. வேலைக்கும் வழியில்லை. நிலவரித் துறையே கோயில்களையும் நிர்வகித்ததால், கோயிலுக்குள் நுழைய முடியாத சாதியினரையும், கிறிஸ்தவர், முஸ்லிம்களையும் அந்தத் துறையில் சேர்க்கவில்லை. 1922-ல் தேவஸ்வத்தைத் தனித் துறையாகப் பிரித்த பிறகே அந்த முடிச்சு அவிழ்ந்தது.

"அப்போ உங்க ஆளுங்க என்ன பண்ணாங்க?"

"ஓட்டுப் போட மாட்டோம்னு சொன்னாங்க."

பேத்தி சிரித்தாள். "நான் சொன்னதும் அதானே!"

"இல்ல மக்ளே. நீ சும்மா இருந்த. அவங்க சொல்லிட்டு இருந்தாங்க."

1932-ல் புதிய சட்டசபை அறிவிக்கப்பட்டபோது, வரி கட்டும் அளவை வைத்தே மறுபடியும் ஓட்டுரிமை கொடுத்தார்கள். மக்கள்தொகைக்கு ஏற்ப இடம் வேண்டும் என்று கேட்டு ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து தேர்தலைப் புறக்கணித்தன. அதுதான் நிவர்த்தனப் போராட்டம். 1935-ல் கோழஞ்சேரியில் பேசியதற்காக சி.கேசவன் ராஜதுரோக வழக்கில் சிறைக்குப் போனார். ஆனால், அரசு இறங்கி வந்தது. அரசு வேலைக்குத் தேர்வாணையம் வந்தது. சபையில் இடஒதுக்கீடு வந்தது. 1936 நவம்பர் 12-ல் ஆலய நுழைவுப் பிரகடனம் வந்தது. அதே கேசவன் 1951-ல் திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சரே ஆனார்.

1948 பிப்ரவரியில், வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்ற முதல் தேர்தல் திருவிதாங்கூரில் நடந்தது. அப்போது பாட்டிக்கு ஏழு வயது. அப்பாவும் அம்மாவும் ஓட்டுப் போடப் போனபோது கூடவே நடந்தார். வரிசையில் அம்மாவுக்கு முன்னால் நின்றவர், அம்மா வேலைக்குப் போகும் தோட்டத்தின் முதலாளி அம்மாள். "அவங்களுக்கும் ஒண்ணு, எங்க அம்மைக்கும் ஒண்ணு. வீட்டுக்கு வந்தும் அம்மை அதையேதான் சொல்லிட்டு இருந்தா" என்றார் பாட்டி.

பேத்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இரான்ல ஓட்டுப் போடாம இருந்தவங்க பண்ணது தப்பா பாட்டி?" என்று கேட்டாள்.

"அதை நாம எப்பிடிச் சொல்லது? ஆறு பேருல ஒருத்தருக்குப் போட்டு கொஞ்சமாவது மாறட்டும்னு நினைச்சவங்களும் சரிதான். இது தேர்தலே இல்லைன்னு வீட்டுல இருந்தவங்களும் சரிதான். எங்க ஊருல ரெண்டும் நடந்துச்சு. ஆனா போடதுக்கும் போடாம இருக்கதுக்கும் முதல்ல ஒரு ஓட்டு வேணும்லா? பேரே இல்லாதவ எதைப் புறக்கணிப்பா?"

அன்று இரவே பேத்தி தனக்குப் படிவம் 6-ம், பாட்டிக்கு முகவரி மாற்றத்துக்கான படிவம் 8-ம் மொபைலிலேயே போட்டாள். பாட்டியின் போட்டோவை நாலு முறை எடுக்கவேண்டியிருந்தது. கண்ணாடியில் வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தது.

சில வாரங்கள் கழித்து விசாரிக்க வந்த பூத் அலுவலர், "இந்த வயசுல எதுக்கு பாட்டிம்மா இதெல்லாம்? ஊர்லயே இருந்துட்டுப் போகட்டுமே" என்றார்.

"ஊருல பேரு இருக்கு, ஆளு இல்ல. இங்க ஆளு இருக்கு, பேரு இல்ல" என்றார் பாட்டி. அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அட்டைகள் வந்தபோது பென்ஷன் புத்தகம் இருக்கும் பையிலேயே இரண்டையும் பாட்டி பத்திரப்படுத்தினார். "என்னோடதையும் ஏன் எடுத்து வைக்கிற?" என்று கேட்டாள் பேத்தி.

"நீ தொலைச்சுருவ."

"சரி, அடுத்த எலெக்‌ஷன்ல யாருக்குப் போடுவ பாட்டி?"

"அது எதுக்கு உனக்கு? ரகசியம் மக்ளே!"